பங்கு போட்ட பாவம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வில்லன் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கடைசி அத்தியாயத்தில் அவன் தலையில் பழியைக் கட்டிக் கணக்கைத் தீர்த்துவிடலாம். பாலாற்றின் கதையை நினைத்தால் எனக்குக் கை ஓடுவதில்லை. அங்கே குற்றம் இருக்கிறது. குற்றவாளி இவன்தான் என்று ஒருவனை மட்டும் சுட்ட முடியவில்லை.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் பதனிடும் ஊர்கள். அவற்றின் கழிவுநீர் பல்லாண்டுகளாக நிலத்திலும் ஓடையிலும் ஆற்றிலும் விடப்பட்டது. பாலாறோ ஆண்டில் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பது. அதன் நீர் மணலுக்கு அடியில் ஊறுவது. மேலே விட்ட உப்பும் ரசாயனமும் கீழே இறங்கிக் கிணறுகளைச் சேர்ந்தன. 1991-இல் வேலூர்க் குடிமக்கள் மன்றம் ஒன்று உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. 1996-இல் வந்த தீர்ப்பு, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக ஓர் ஆய்வை எடுத்துக் காட்டியது. ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

ஆலைக்காரரைக் கேளுங்கள். "நூற்றுக்கணக்கான ஆலைகளில் என்னுடையது ஒன்று. நான் விடுகிற நீர் எம்மாத்திரம்?" என்பார். செருப்பு வாங்குகிற நாமோ, "ஒரு ஜோடியால் ஆறு கெட்டுவிடுமா?" என்போம். இரண்டும் பொய்யில்லை. பயங்கரமே அதில்தான் இருக்கிறது.

தோலைப் பதப்படுத்தும் குரோமியம் ஒரு தனிமம். இலை தழைபோல் அது மக்குவதில்லை. கரைக்கலாம், பரப்பலாம், இல்லாமல் செய்ய முடியாது. அதன் கொடிய வடிவம் தோலில் பட்டால் புண்ணாக்கும். மூச்சில் தொடர்ந்து கலந்தால் நுரையீரலில் புற்றுநோயை விளைவிக்கும். ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனம் தயாரித்த ஆலை ஒன்று தொண்ணூறுகளில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான கழிவை விட்டுச் சென்றது. முதலாளி போனார், தொழிலாளி போனான். மழை மட்டும் வருஷந்தோறும் வந்து அந்த மேட்டைக் கரைத்து மண்ணுக்குள் இறக்கியது.

பாவமும் அந்தத் தனிமத்தைப் போன்றதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பலர் பங்கு போட்டுக்கொண்டால் அது குறைந்துவிடும் என்று நம்புகிறோம். கிணற்றடியில் நிற்கிறவளுக்கு உன் பங்கு, என் பங்கு என்று பிரித்துக் குடிக்க வழியில்லை. அவள் குடத்தில் ஏறுவது மொத்தக் கணக்கு.

"ஆலையை மூடினால் ஆயிரமாயிரம் குடும்பங்களின் பிழைப்பு என்னாவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே கூலி வாங்குகிறவன் வீட்டுக் குடமும் அதே கிணற்றுக்குத்தானே போகிறது? நீரைச் சுத்தம் செய்யும் செலவை லாபத்தில் எடுக்காமல் அவன் உடம்பிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பிழைப்பு என்று பெயர் வைக்கலாமா?

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு ஆறு வாரத்துக்குள் இழப்பீடு கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, தானும் ஒரு குழந்தைக்குத் தாயாகியிருக்கலாம்.

நீதிமன்றத்தால் பணத்தை வசூலிக்க முடியும். "என் பங்கு சிறியதுதான், ஆனாலும் அது என்னுடையது" என்று சொல்லும் மனச்சாட்சியை வசூலிக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. அதை நாமாகத்தான் கட்ட வேண்டும்.