தகுதியும் அருளும்: ஸ்ரீவசனபூஷணத்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்

மனிதனின் மதிப்பு அவன் ஈட்டியவற்றால் அமைவதா, ஈட்டுதற்கு முன்னரே அவனுக்கு உள்ளதா என்னும் வினாவிற்குத் தமிழ் வைணவம் நுட்பமான விடையொன்றை வைத்துள்ளது. பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணத்தை அடியொற்றிய தென்கலை மரபு, ஈன்ற பசு கன்றின் மேனியழுக்கை நாவால் நக்கி உவப்பதைப் போல, உயிரின் குற்றமும் இறைவனுக்கு உவப்பாகும் என்று வாத்சல்யத்தை விளக்கும். பொறுத்தல் வேறு, உவத்தல் வேறு.

வேதாந்த தேசிகர் இதற்கு உடன்படார். அவர்க்கு வாத்சல்யமாவது குற்றம் காணாமை. உயிரின்பால் சிறு வியாஜமேனும் இல்லையெனின், சிலர்க்கு அருளிச் சிலர்க்கு அருளாத இறைவன்மேல் பாரபட்சப் பழி ஏறும் என்பது அவர் தடை. இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. பூனைக்குட்டி, குரங்குக்குட்டி உவமைகளோடு இவ்விவாதத்தை முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு; அவ்வுவமைகள் விளக்குவதினும் மறைப்பதே மிகுதி.

லோகாசாரியரின் கூர்மை சரணாகதியைப் பேசுமிடத்தே வெளிப்படுகிறது. செல்வத்தையும் கல்வியையும் பொருட்டாகக் கொள்ளாதவனும் ‘நான் சரணடைந்தேன்’ என்பதைத் தன் சாதனையாக எண்ணிவிடக்கூடும். ஆகவே சரணாகதியையும் அவர் உபாயமாகக் கொள்வதில்லை, இறைவனே உபாயம். அடியாரின் பிறப்பை ஆராய்தலைப் பெருங்குற்றமென அந்நூல் கடிவதையும் இதனோடு இயைத்துக் காணலாம். ஈட்டிய தகுதியே செல்லாதெனில், ஈட்டாத குலப்பெருமை எங்ஙனம் செல்லும்?

இது தேசிகரின் தடைக்கு முழுவிடையன்று. எனினும், அச்சிறு வியாஜத்தையும் தன்னிடம் காணமாட்டாமல் சோர்ந்தவன் எங்கே நிற்பான் என்று அவர் தரப்பினரைத் திருப்பிக் கேட்க இடமுண்டு.