கைக்கு என்ன விலை?

2025 ஜூன் மாதம் இத்தாலியின் மிலான் நகரத்தில் பிராடா என்கிற கம்பெனி ஒரு ஆடை அலங்காரக் காட்சி நடத்தியது. அதில் ஆண்கள் காலில் மாட்டிக்கொண்டு நடந்தது அச்சு அசலாக நம்ம கோலாப்பூர் செருப்பு. எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடனே இங்கே பெரிய கூச்சல்: இந்தியப் பண்பாட்டை வெள்ளைக்காரன் திருடிவிட்டான்! அந்தச் செருப்புக்கு 2019லேயே புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது, ஆகவே கோபம் நியாயம்தான். ஆனால் எந்த இந்தியனுடைய பண்பாடு? தோலைப் பதப்படுத்தித் தைத்தவர்கள் சமார்கள், டோர்கள், சமகாரர்கள். கூச்சல் போட்டவர்களில் எத்தனை பேர் அவர்கள் தெருவில் கால் வைத்திருப்பார்கள்? செருப்பு தைக்கிறவன் செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்கக்கூடாது என்பதும் இந்தியப் பண்பாடுதான். அதை எவனும் திருடவில்லை. பத்திரமாகத்தான் இருக்கிறது.

உத்திரமேரூர்ப் பக்கம் இருந்துகொண்டு மிலானைப் பற்றி நான் எழுதக் காரணம் உண்டு. நம்ம பெண்களும் இப்போது மகளிர் குழு வழியாகக் கண்காட்சிகளுக்கு ஈச்சங்கூடை, ஓலைப்பெட்டி, பாய் என்று மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். இது விடுதலையா, பழைய நுகத்தடிக்குப் புதுச் சாயமா என்பதுதான் கேள்வி. ‘நம்ம சனத்துக்கு மறுபடியும் கூடையும் செருப்பும் பறையும்தானா?’ என்று தோழர்கள் கேட்கிறார்கள். சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரித்து அடுக்கி வைப்பது என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று பேர் வாங்கி அடுத்த வருசமே ஒழிந்தது. 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் என்று கொண்டுவந்தபோது, குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கல்லூரியைக் காட்டாமல் அப்பன் உளியைக் காட்டுகிற வேலை. தமிழ்நாட்டு அரசு அதை ஏற்காமல், 2025 ஏப்ரலில் நம்ம மாவட்டத்துக் குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் குடும்பத்தொழில் நிபந்தனை இல்லை. குறைந்த வயது 35. (நம்ம ஊர்க் குடவோலைக் கல்வெட்டிலும் 35 வயதுதான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.)

ஆனால் தோழர்கள் ஒன்றைப் பார்க்கத் தவறுகிறார்கள். எங்க ஆயா முடைந்த கூடைக்கு விலையே கிடையாது. அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டி நிற்கும். ஆண்டை பார்த்து அளந்து போட்ட நெல்லை முந்தானையில் வாங்கிக்கொண்டு வரும். குறைத்துப் போட்டால் கேட்க முடியாது. கேட்பதற்கு அது விலை இல்லையே, படி. விலை என்பது நேருக்கு நேர் நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில் உள்ள பேச்சு. கண்காட்சியில் ஒரு அம்மா வந்து ‘இது எவ்வளவுங்க?’ என்று கேட்கிறதே, அந்த ‘ங்க’ எங்க ஆயா காதில் ஒரு நாளும் விழுந்ததில்லை. இதை நான் அற்பமாக நினைக்கவில்லை.

சரி, விலை வந்தது. என்ன விலை? எங்க பக்கத்து அக்கா ஒருத்தங்க சொன்ன கணக்கு இது: ‘சாயம், பஸ்ஸு, மூட்டைக்குத் தனி டிக்கெட்டு, நாலு நாளு சோறு, எல்லாம் போக கைல இவ்ளோ நின்னுது தம்பி. லாபந்தான்.’ நான் கேட்டேன்: ‘உன் கூலி எங்கக்கா?’ ‘ஊட்ல குந்திகினு பின்றதுக்கு இன்னா கூலி?’ ஒரு கூடைக்கு ஒரு நாள் ஆகிறது. செலவு போக 200 ரூபாய் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலியே 336 ரூபாய். அப்படியானால் ஒவ்வொரு கூடையோடும் 136 ரூபாயை அந்த அக்கா வாங்குகிறவருக்கு இனாமாகக் கட்டிக் கொடுக்கிறாள். லாபம் என்று அவள் சொல்வது அவள் உடம்பிலிருந்து அறுத்த கூலி. கண்ணாடிக் கடையில் ஒட்டின விலையை வாயைத் திறக்காமல் கொடுக்கிறவர்கள் இங்கே ஐம்பது ரூபாய் குறை என்று நிற்கிறார்கள். ‘இன்னாத்துக்கும்மா ஓலைக்கு இவ்ளோ?’ ஓலைக்குத்தான் விலை கேட்கிறார்கள், கைக்கு இல்லை.

கைக்குப் பதிலாக அவர்களுக்குப் பிடித்தது கதை. ‘பாரம்பரியம்’, ‘தலைமுறை தலைமுறையாக’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் விற்கிறது. எந்தத் தலைமுறை, எந்தத் தெரு, ஏன் வேறு வேலைக்கு விடவில்லை என்று அட்டையில் இருக்காது. மும்பையில் சுதீர் ராஜ்பர் தன் பைகளுக்கும் நாற்காலிகளுக்கும் ‘சமார்’ என்றே பேர் வைத்தார். 2015இல் மகாராஷ்டிராவில் மாட்டிறைச்சித் தடை இறுகித் தோல் வேலை படுத்தபிறகு, பழைய ரப்பரை எடுத்துத் தாராவிக் கைகளால் செய்ய வைத்தார். திட்டுகிற வார்த்தையையே வாங்குகிறவன் காசு கொடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறான். அதை எல்லாரும் செய்ய முடியாது. எங்க ஊர்ப் பெண் சாதிப்பேரை எழுதினால் சந்தையில் கூடை போணியாகுமா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் அட்டையில் என்ன எழுதுவது என்று தீர்மானிக்கிறவர் யார் என்பதில் இருக்கிறது விசயம்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. கண்காட்சியின் கடைசி நாள் சாயங்காலம் பாதி விலைக்குக் கேட்பார்கள். மாட்டேன் என்று மூட்டையைத் திருப்பிக் கட்ட யாரால் முடியும்? வீட்டில் அரிசி இருக்கிறவளால். அரிசிக்கு நிலம் வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தகச் சோழன் காலத்தில், பானையில் ஓலை போடுவதற்கே வரி கட்டுகிற சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். வேதமும் தெரிந்திருக்க வேண்டும். சனநாயகத்தின் தாய் என்று அதைத்தான் காட்டுகிறார்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம்ம சனத்தின் நிலைமையை எழுதி, 1892இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அது கை மாறிப் போய், காரணையில் திருப்பிக் கேட்டபோது 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். ஈச்ச ஓலை வெட்டுகிற ஏரிக்கரைக்கும் இன்றைக்கு ஊர்க்காரர் முகம் பார்த்துத்தான் போக வேண்டியிருக்கிறது. ஸ்டால் கொடுக்கிற அதிகாரிகள் இதைப் பேசுவதில்லை. நிலம் பேசுகிற தோழர்களும் கூடை விலையைப் பேசுவதில்லை.

அக்காவின் குழுவில் இப்போது இரண்டு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். குறித்த விலைக்குக் கீழே ஒருத்தி இறங்கினால் மற்றவர்கள் பேசித் தடுப்பது. விற்காத சரக்கின் நட்டத்தைக் குழுச் சேமிப்பிலிருந்து பங்கு போட்டுக்கொள்வது. அட்டையில் ‘பாரம்பரியம்’ வேண்டாம், ‘ஒரு ஆள், ஒரு நாள்’ என்று எழுதலாமா என்று நான் கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் பேனா கேட்டாள்.