அநியாயக்காரனுக்கும் உதவுங்கள்



அமெரிக்காவில் படிக்கும் நம் மஹல்லாப் பிள்ளை ஒருவர் சென்ற வாரம் போன் செய்தார். அவருடைய பல்கலைக்கழக வளாகத்தில் துப்பாக்கி வன்முறையைத் தடுப்பது பற்றி ஓர் ஆவணப்படம் திரையிட்டு, பிறகு கலந்துரையாடலும் வைத்தார்களாம். படத்தின் பெயர் 'தி இன்டரப்டர்ஸ்'. ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கி 2011இல் வந்தது. சிகாகோ நகரத்தில் எடுத்தது. அதில் முக்கியமாக வரும் மூவரில் ஒருவர் ஹிஜாப் அணிந்த நம் சகோதரி, அமீனா மேத்யூஸ்.

அவர் யார் தெரியுமா? சிகாகோவின் பெயர்போன கும்பல் தலைவர் ஜெஃப் ஃபோர்ட்டின் மகள். இளமையில் தாமும் அந்த வாழ்க்கையில் இருந்தவர். அல்லாஹ் ஹிதாயத் கொடுத்தான். ஓர் இளைஞன் சுடப்பட்டான் என்று செய்தி வந்தால், பழிவாங்கத் துடிக்கும் அவனுடைய அண்ணனிடமும் நண்பர்களிடமும் போய்ப் பேசுவது இவர்களுடைய வேலை. கையில் ஆயுதம் கிடையாது. வாய்ப்பேச்சு மட்டும்தான்.

இதை ஏற்படுத்தியவர் கேரி ஸ்லட்கின் என்ற டாக்டர். ஆப்பிரிக்காவில் காலராவையும் எய்ட்ஸையும் எதிர்த்து வேலை செய்தவர். கொலையும் தொற்றுநோய் போலத்தான் பரவுகிறது என்றார். ஒருவன் சாகிறான், அவனுக்காக இன்னொருவன், அவனுக்காக மூன்றாமவன்.

டாக்டர் சொன்ன இந்த நோய் அன்றைய அரபுகளுக்குப் புதிதல்ல. அவ்ஸும் கஸ்ரஜும் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டார்கள். அதை நபி (ஸல்) அவர்கள் எங்கே அறுத்தார்கள்? ஹஜ்ஜத்துல் விதாவில், அறியாமைக்காலப் பழிகள் அனைத்தையும் ரத்து செய்தார்கள். முதலில் ரத்தானது யாருடைய பழி? தம் சொந்தக் குடும்பத்துக்கு வரவேண்டியது. ஹுதைல் கோத்திரத்தார் கொன்ற ரபீஆ இப்னு ஹாரிஸின் மகனுடைய ரத்தப்பழி. முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அடுத்தவனிடம் மன்னிக்கச் சொல்வது எளிது. தன் வீட்டுக் கணக்கை முதலில் கிழித்துப் போடுவது எளிதா?

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். "ஹஜ்ரத், கொலை செய்யப் போறவன்கிட்ட உட்கார்ந்து என்ன பேச்சு, போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானேன்னு நிறைய பேர் கேட்டாங்க. நம்ம மார்க்கம் என்ன சொல்லுது?"

அநியாயம் செய்பவனாக இருந்தாலும், செய்யப்பட்டவனாக இருந்தாலும் உன் சகோதரனுக்கு உதவு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, ஸஹாபாக்களுக்கும் புரியவில்லை. அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று கேட்டார்கள். அவன் கையைப் பிடித்துத் தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் வந்தது. அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு, புகாரியில் இருக்கிறது. தண்டிப்பது காஜியின் வேலை, அது குற்றத்துக்குப் பிறகு. கையைப் பிடிப்பது குற்றத்துக்கு முன்னால். அமீனா பிடிப்பது அந்தக் கையைத்தான்.

ஆனால் ஒன்று. ஒருவன் துப்பாக்கியோடு கிளம்பிவிட்டான், பேசியும் கேட்கவில்லை என்றால் மறைப்பது கூடாது. சபைப் பேச்சு அமானிதம்தான், ஆனால் அநியாயமாக ரத்தம் சிந்தும் பேச்சு அதில் சேராது என்று அபூதாவூதில் வருகிறது. தடுக்க முடிந்தவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

தம்பியிடம் இன்னொன்றும் சொன்னேன். 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல் தற்கொலை. அங்கே பழிவாங்க எதிரியே இல்லை. கைக்கு எட்டும் இடத்தில் ஆயுதம் இருந்தது, மனம் உடைந்த ஒரு நிமிடம் வந்தது, அவ்வளவுதான். பள்ளிவாசலுக்குள் அம்போடு வந்தவரிடம் அதன் முனையைப் பிடித்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அவர் யாரையும் குத்த வரவில்லை, தவறிப் பட்டுவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த எச்சரிக்கை. இன்று வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர் குண்டைத் தனியாகவும் துப்பாக்கியைப் பூட்டியும் வைப்பது அதே ஒழுக்கம்தான். (பெருநாளைக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் பொம்மைத் துப்பாக்கியைப் பிள்ளைகள் ஒருவர் நெற்றியில் ஒருவர் வைத்து விளையாடுவதையும் கொஞ்சம் கவனியுங்கள். விளையாட்டுக்குக்கூட ஆயுதத்தை நீட்டுவதைத் தடுத்த மார்க்கம் நம்முடையது.)

"தம்பி, பக்கத்து அறைப் பையன் ரெண்டு நாளா சாப்பிட வரலைன்னா போய்க் கதவைத் தட்டுங்க. அவன் எந்த மதமா இருந்தாலும் சரி. அங்கே 988ன்னு ஒரு நம்பர் இருக்கு, அவனோட உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்க" என்றேன். சரி ஹஜ்ரத் என்றார்.

யா அல்லாஹ்! வெளியூரில் தனியே படிக்கும் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு ஸப்ரைத் தருவாயாக. ஆமீன்.