மாறிகளும் மனச்சான்றும்

மலாக்கா மாநிலத்தின் எல்லையில், லிங்கி ஆற்றை அடுத்து அமைந்தது லூபோக் சீனா. அவ்வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் ஓர் உண்மையை நன்கறிவர். ஒரே கை வெட்டினும் எல்லா நாளும் ஒரே அளவு பால் வடிவதில்லை. மரத்தின் வயதும் மழையும் இலையுதிர் பருவமும் பாலைக் கூட்டும், குறைக்கும். இவற்றை எண்ணாது, எடை குறைந்தமை கண்டு தொழிலாளியைச் சோம்பேறி என்பது அறமாகுமா?

இவ்வாறு மாறுபடுவனவற்றை ஆய்வு நூலார் மாறிகள் என்பர். காரணமாகக் கொள்ளப்பெறுவது சாரா மாறி. விளைவாக வருவது சார்ந்த மாறி. இரண்டையும் மறைவில் நின்று இயக்கி ஆய்வாளனை மயக்குவது குழப்பும் மாறி. அளக்கும் முறையும் ஒன்றன்று. பெயரளவை, வரிசையளவை, இடைவெளியளவை, விகித அளவை என 1946இல் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் அதனை நான்காக வகுத்தார். பள்ளியின் மொழி பெயரளவை. அதில் உயர்வு தாழ்வு இல்லை. 1988இல் தொடங்கி 2021இல் நீக்கப்பெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வின் தரங்கள் வரிசையளவை. முந்தியவர் யார் எனக் காட்டுமேயன்றி, எவ்வளவு முந்தினார் எனக் காட்டா. பாலின் எடையோ விகித அளவை. இரு மடங்கு என்று சொல்ல அது இடந்தரும்.

தோட்டத்துப் பிள்ளை கல்வியில் பின்தங்கின், தமிழ்ப்பள்ளியே காரணம் என்போர் உளர். பிள்ளையின் குடும்பத்தைத் தோட்டத்தில் நிறுத்தி, அங்குள்ள தமிழ்ப்பள்ளிக்கு அவனை அனுப்பியது வறுமை. அவன் வீட்டில் நூலும் படிக்க இடமும் இல்லாது செய்ததும் அதே வறுமை. மாணவர் இடைநிற்றலை ஆராய்ந்த 1973ஆம் ஆண்டின் முராட் அறிக்கையும் குடும்ப வறுமையைச் சுட்டியது. ஒத்த வறுமையுடைய பிள்ளைகளை இருவகைப் பள்ளிகளிலும் ஒப்பிட்டுப் பாராமல் மொழிமீது பழி சுமத்துதல், மழை நாளின் எடையைக் கொண்டு தொழிலாளியைப் பழிப்பது போன்றதே.

ஆயினும், வறுமையைக் காட்டி ஆசிரியர் கைகட்டியிருக்கவும் இவ்வறிவு இடந்தராது. ஒரே தோட்டத்தில், ஒத்த வறுமையிலும் ஒரு வகுப்பு முன்னேறி மற்றொன்று தேங்குமாயின், கற்பித்தலும் ஒரு மாறியன்றோ? பிறர்மீது சுமத்தப்படும் பொய்க் காரணத்தை மறுப்பவர், தம்மிடமுள்ள மெய்க் காரணத்தை மறைத்தல் தகாது.

ஆய்வேட்டில் பிழைபட்ட முடிவைப் பின்வருவோர் திருத்தலாம். வகுப்பறையில் ‘மந்தம்’ என்று ஒரு முறை சொல்லப்பட்ட பிள்ளை, அச்சொல்லைத் தன் இயல்பென நம்பி வளர்கிறான். ஆதலின், காரணத்தைத் தேடாமல் பெயர் சூட்டாதிருத்தல் புள்ளியியலின் விதி மட்டுமன்று. ஆசிரியத் தொழிலின் அறமும் அதுவே.