வழியின் உரைகல்

தொலைதூர எல்லைப்புறத்துக்கு வழி திறப்பது நன்மையே என்பர். பிரம்மபுத்திராவில் நீராவிக் கப்பல்கள் ஓடியதால் அஸ்ஸாமின் காடுகளில் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. தொழிலாளரும் அவற்றிலேயே கொண்டுசெல்லப்பட்டனர். நெரிசலிலும் காலராவிலும் வழியிலேயே மாண்டோர் பலர். எனவே, 1863இல் வங்காள அரசு அப்பயணத்தை நெறிப்படுத்தச் சட்டம் இயற்றிற்று.

குற்றம் கப்பலுடையதா? இரும்புக்கு மனச்சான்று இல்லை. ஆனால், 1921இல் சர்கோலாத் தோட்டங்களை விட்டு வெளியேறிய தொழிலாளர், ஊர் திரும்பக் கப்பலை நாடிச் சாந்த்பூர் துறையில் நின்றனர். கப்பலேற விடாமல் தடுக்கப்பட்டு, மே 20 இரவில் படைவீரரால் அடித்து விரட்டப்பட்டனர். அது கண்டு கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கருவிக்கு இல்லாத மனச்சான்று, அதை இயக்கும் கைக்கு உண்டன்றோ?

நம் கரையும் இதற்குப் புறம்பன்று. கோட்டுச்சேரிமேட்டுக்கு அண்மையிலுள்ள காரைக்கால் துறையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பாய்மரக் கப்பல்கள் நம்மவரை ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கொண்டுசென்றன. ஒப்பந்தத்தில் திரும்பும் பயணமும் எழுதப்பட்டிருந்தது. ஆயினும் திரும்பாதோர் பலர்.

ஆகவே, ஒரு வழி எத்தனை பேரைக் கொண்டுசேர்த்தது என்று எண்ணுதல் போதாது. சென்றவர் தாம் விரும்பியபோது திரும்ப முடிந்ததா என்பதே அதன் உரைகல்.