கள்ளக்கவி யார்?

சீடன்: ஐயா, ஆய்வேட்டை மென்பொருளில் போட்டுப் பார்த்தாயிற்று. ஒப்புமை 8 விழுக்காடுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 வரைக்கும் தண்டனை இல்லை.

குரு: நல்லது. மூன்றாம் இயலின் வாதம் யாருடையது?

சீடன்: ஒரு பழைய சிற்றிதழ்க் கட்டுரையில் படித்தது. ஆனால் ஒரு வரியைக்கூட அப்படியே எடுக்கவில்லை. நடை முழுக்க என்னுடையது.

குரு: அதனால்தான் கருவியிடம் தப்பித்தாய். அது சொல்லோடு சொல்லை ஒட்டிப் பார்க்கும். வாதம் எங்கிருந்து வந்தது என்று அதற்குக் கேட்கத் தெரியாது. நான் கேட்கிறேன்.

சீடன்: எடுப்பதே குற்றமென்றால் தமிழில் யார் தப்புவார்? கம்பர் வான்மீகியிடம் எடுத்தார். மணிமேகலை குறளையே எடுத்துக்கொண்டது.

குரு: எடுப்பது குற்றமென்று நான் சொல்லவில்லையே. வடமொழியில் இராமகதையைச் செய்த மூவருள் முதல்வரைப் பின்பற்றுவதாகக் கம்பர் பாயிரத்திலேயே சொல்லிவிடுகிறார். மணிமேகலை பாடிய சாத்தனார் சிறைசெய் காதையில் குறளை ஆளும்போது, அது பொய்யில் புலவன் சொன்னது என்று சேர்த்தே பாடுகிறார். அடிக்குறிப்புக்கு இடமில்லாத காலம், யாப்புக்குள்ளேயே நுழைத்தார். நன்னூலைப் பார். வழிநூலை ஒரு வகையாகவே ஏற்கிறது, முன்னோர் சொற்களை அப்படியே ஆள்வதையும் ஏற்கிறது. அதே நன்னூல், சிறப்புப்பாயிரம் சொல்லவேண்டியவற்றை அடுக்கும்போது ஆக்கியோன் பெயருக்கு அடுத்தபடியாக நூல் வந்த வழியை வைக்கிறது. பிறர் பாட்டைத் தன் பாட்டென்று சொல்பவனுக்குப் பாட்டியல் நூல்கள் கொடுத்த பெயர் கள்ளக்கவி.

சீடன்: உடையவரே மனமுவந்து கொடுத்தால்?

குரு: குசேலோபாக்கியானம் கேள்விப்பட்டிருப்பாய். வல்லூர் தேவராச பிள்ளை பெயரில் வந்த நூல். பாடியவர் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. கொடுத்தவர் தெரிந்தே கொடுத்தார். திருட்டு என்று யாரும் வழக்குப் போட முடியாது.

சீடன்: அப்படியானால் அங்கே யாருக்கு நட்டம்?

குரு: படித்தவனுக்கு. தேவராச பிள்ளையின் புலமை என்று வியந்தவன் ஏமாந்தான் அல்லவா? உ.வே.சா. தமக்கும் ஆசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை எழுதும்போது உண்மையைப் பதிவு செய்துவிட்டார். ஆசிரியர் மறைத்ததை மாணவர் வெளியே சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொன்னதுதான் சரி என்பேன். தன் பெயரை விட்டுக்கொடுக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. வாசகன் சார்பில் விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமையில்லை.

சீடன்: என் சிக்கல் வேறு, ஐயா. கட்டுரையின் முதல் பக்கம் கிழிந்திருந்தது. எழுதியவர் பெயரே தெரியாது.

குரு: குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கும்தான் சில பெயர்கள் தெரியவில்லை. பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று வைத்தார்கள். கபிலர் தலையிலோ பரணர் தலையிலோ ஏற்றிவிடுவது எவ்வளவு சுலபம்! தன் பெயரையே போட்டுக்கொண்டாலும் யார் கேட்டிருப்பார்கள்?

சீடன்: அதற்காகச் சிலப்பதிகாரம் இளங்கோ இயற்றியது என்பதற்கும் சான்று காட்டவேண்டுமா?

குரு: ஊரறிந்ததற்கு எதற்கு? பக்கம்தான் பாழ். படிப்பவன் இதை நீ கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வானா என்று பார். நினைப்பான் என்றால் சொல்லிவிடு.

சீடன்: சொன்னால் அந்த இயலில் என்னுடையதென்று என்ன மிஞ்சும்? வாய்மொழித் தேர்வில் கேட்பார்களே.

குரு: கேட்கட்டும். நீ சேர்த்த கல்வெட்டுச் சான்றுகள் உன்னுடையவை, அவை மிஞ்சும். இயல் சிறுத்துப்போனால் போகட்டும். இதழின் பெயர், ஆண்டு, கட்டுரையாளர் பெயர் கிடைக்கவில்லை என்ற குறிப்பு, மூன்றையும் இயலின் முதல் பத்தியிலேயே எழுதிக்கொண்டு வா. அதுவரை நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.