கேப்டன் கேட்ட உதவி

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போய்க்கொண்டிருந்த யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சின் நடுவானில் உடைந்தது. சிதறிய துண்டுகளால், விமானத்தின் கட்டுப்பாடுகளை இயக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. கட்டுப்பாட்டுச் சக்கரத்தைத் திருப்பியும் பயனில்லை. இப்படியொரு நிலைமைக்குக் கையேட்டில் வழிமுறையே கிடையாது.

பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி டென்னி ஃபிட்ச் உதவ முன்வந்ததும், கேப்டன் ஆல் ஹேன்ஸ் அவரை காக்பிட்டுக்குள் அழைத்துக்கொண்டார். மிஞ்சிய இரண்டு எஞ்சின்களில் ஒன்றின் வேகத்தைக் கூட்டி, மற்றதைக் குறைத்து, அப்படித்தான் விமானத்தைத் திருப்பினார்கள். சுமார் முக்கால் மணி நேரம்! சூ சிட்டி ஓடுபாதையில் விமானம் மோதி உடைந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

அந்தக் கைத்திறனைவிட, அந்த அழைப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கேப்டன் சொல்வதே முடிவு என்றிருந்த பழைய காக்பிட்டில் அது நடந்திருக்குமா? ஆனால் குழுவாகச் சேர்ந்து முடிவெடுக்கும் பயிற்சியை யுனைடெட் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்திருந்தது. ஓய்வுபெற்ற பிறகும் ஹேன்ஸ் மேடை மேடையாகப் போய் அந்தப் பயிற்சியைப் பற்றிப் பேசினார்.